கொம்பு வண்டியின் பின்னால் மச்சான்

லாரி ஓட்டத் தெரிந்தவன் எதையும் ஓட்டிவிடுவான் என்று நினைத்துத்தான் முதல் நாள் இரண்டு லாரி டிரைவர்களை அந்த வண்டியில் ஏற்றிப் பார்த்தார்கள். முதலாமவர் திரும்பும்போது டீக்கடைப் பந்தலின் ஒரு காலைப் பெயர்த்தார். இரண்டாமவர் சிமெண்ட் கொட்டகையின் தகரச் சுவரை வண்டியின் பின்புறத்தால் உள்ளே தள்ளிவிட்டு, "வண்டி சரியில்ல" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். வண்டியில் ஒரு குறையும் இல்லை. லாரிக்கு முன் சக்கரம் திரும்பும், இதற்குப் பின் சக்கரம் திரும்பும், அவ்வளவுதான். இடது பக்கம் ஒடித்தால் வண்டியின் பின்புறம் வலது பக்கமாக வீசிக்கொண்டு போகும். அது தெரியாதவன் கையில் அது ஒரு மதம் பிடித்த மாடு.

மூன்றாவதாக ஏறியவன் நான். அப்போது கல் இறக்கும் கூலியாள். ஏறச் சொன்னது மேஸ்திரி, அதுவும் கேலிக்காக. ஆனால் பத்து வயதிலிருந்து வள்ளத்தில் சுக்கான் பிடித்தவன் நான். வள்ளம் பின்னாலிருந்துதான் திரும்பும். பிருஷ்டம் எங்கே போகிறது என்று பார்க்காமல் மூக்கைத் திருப்புகிறவன் கடலில் ஒரு நாள்கூடப் பிழைக்க மாட்டான். இரண்டு சுற்று சுற்றி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கொம்புகளை மூட்டை அடுக்கிய பலகைக்கு அடியில் கொடுத்து, பத்து மூட்டை சிமெண்டைத் தூக்கிக் கொண்டுபோய் டீக்கடைக்காரர் முன்னால் வைத்தேன். பந்தல் போன துக்கத்திலும் அவர் கை தட்டினார். அன்றைக்கு எனக்கு ஏறிய தலைக்கனம் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எப்படி இறங்கியது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. எழுபதுகள். அந்த வண்டிக்கு ஃபோர்க் லிஃப்ட் என்று பெயர் என்பது எஞ்சினியர்களுக்குத் தெரியும். நாங்கள் கொம்பு வண்டி என்போம். நல்ல தரையில் அது சாது. ஆனால் அங்கே நல்ல தரை எங்கே இருந்தது? கடலைத் தோண்டி எடுத்த மணலையும் கிளிஞ்சலையும் கொட்டி மேடாக்கிய இடம். சில பக்கம் அதற்கு அடியில் பழைய உப்பளத்துச் சேறு. வெயில் ஏறினால் மேலே உப்புப் பூத்து, சிமெண்ட் பூசிய முற்றம் மாதிரி வெள்ளையாகக் கிடக்கும். அதன் மேல் சக்கரத்தை விட்டால் அப்பளம் உடைவதுபோல உடையும். எங்கே உடையும், எங்கே உடையாது என்பது சக்கரம் இறங்கிய பிறகுதான் தெரியும். இறங்கிய சக்கரத்தை ஏற அந்தத் தரை விடாது.

இப்போது மச்சான்.

மச்சான் என்றால் என் பெண்டாட்டியின் அண்ணன். சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் போகிறவனுடைய கயிற்றை மேலே யார் பிடிப்பது என்பதற்கு எங்கள் கரையில் ஒரே பதில்தான்: மச்சான். கயிறு பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில் இருந்தால், தங்கச்சி தாலி அறுபட அவன் விடமாட்டான் என்று கணக்கு. கல்யாணம் முடிந்து இரண்டு சீசன் நானும் சங்கு குளித்தேன். என் கயிறு அவர் கையில்தான் இருந்தது. ஒரு தடவை நான் அசைக்க மறந்த கயிற்றை அவராகவே சந்தேகப்பட்டு இழுத்து, நீலம் பாரித்த என்னை மேலே கொண்டுவந்தார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. ஆனால் நான் இருப்பது அவர் புண்ணியத்தில்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

நான் வண்டி ஓட்ட ஆரம்பித்த மறு வருடம் அந்த மச்சானுக்கு இடது காதில் ரத்தம் வந்தது. பெரியாஸ்பத்திரி டாக்டர், இனி ஒருமுறை முங்கினால் காது மட்டும் போகாது, ஆளே போய்விடுவார் என்று சொல்லிவிட்டார். மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலிலேயே என்னிடம், "மழை முடியட்டும் மாப்ள, போலாம்" என்றார். அவருக்கு வேறு எதுவும் தெரியாது. வீட்டில் என் பெண்டாட்டி என்னைச் சோறு தின்ன விடவில்லை.

"அண்ணன எப்படியாச்சும் கரையில வச்சுக்கிடுங்க. உங்க கூடவே வச்சுக்கிடுங்க. கடலுக்கு மட்டும் விட்றாதீங்க."

"சரி" என்றேன். அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றத்தான் அப்புறம் அவ்வளவு பாடும் பட்டேன்.

மேஸ்திரியைக் கெஞ்சி அவரைக் கூலியாகச் சேர்த்தேன். ஒரு காது கேட்காதவரை லாரிகள் பின்னுக்கு வருகிற இடத்தில் வைத்துக்கொள்ள மேஸ்திரிக்குப் பயம். எந்த வேலையிலும் ஒரு வாரம் நிற்கவில்லை. பிறகு மச்சானே தனக்கு ஒரு வேலையைக் கண்டுபிடித்தார். கொம்பு வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்புக் கட்டி இருக்கும். முன்னால் தூக்கும் சுமைக்கு எதிர் எடை அது. ஒரு நாள் நான் அளவுக்கு மீறி மூட்டை ஏற்றப்போய் வண்டியின் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பியது. மச்சான் ஓடிவந்து அந்த இரும்புக் கட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தார். இன்னும் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஏற்றினார். சக்கரம் தரையில் பதிந்தது. அன்றிலிருந்து அது அவர் இடம்.

அது மட்டுமா? காற்று ஏறும்போது வள்ளத்தில் குறுக்கே ஒரு பலகையை வெளியே நீட்டி, காற்று வரும் பக்கத்து நுனியில் ஓர் ஆள் போய் உட்கார்வான். அவன் கனம்தான் வள்ளத்தைச் சாயாமல் பிடிக்கும். மச்சான் அதையே வண்டியில் செய்தார். சரிவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், அவர் மேட்டுப் பக்கம் நகர்ந்து, என் தலைக்கு மேலே இருக்கும் இரும்புக் கூட்டைப் பிடித்துக்கொண்டு உடம்பை முழுக்க வெளியே தொங்கவிடுவார். பார்க்க அழகாக இருக்கும். கல் உடைக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கடற்கரைக்காரன் யாருக்கும் அதில் தப்பு தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. தெரியாதது மட்டுமில்லை, முதுகுக்குப் பின்னால் அவர் இருக்கிறார் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அவர் சொல்வார்: "நீரு ஓட்டும் மாப்ள. நான் இருக்கேன்லா."

இந்த நேரத்தில்தான் சின்ன எஞ்சினியர் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன், என்னைவிட ஐந்தாறு வயது இளையவர், மீசை இன்னும் ஒழுங்காக முளைக்கவில்லை. வந்த இரண்டாம் நாளே வண்டியை நிறுத்தினார்.

"ஏனுங்கண்ணா, பின்னால ஆள் உக்காரக் கூடாதுங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். திட்டினால் திருப்பித் திட்டலாம். இந்த ஆள் வாயைத் திறந்தால் 'ங்க' போட்டுத்தான் பேசுகிறார், இவரிடம் எப்படிச் சண்டை போடுவது? வள்ளத்துக் கதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். டீக்கடையிலிருந்து ஒரு முக்காலியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"நாலு சக்கரம் இருக்குதுங்க, ஆனா வண்டி நிக்கிறது மூணு கால்லதான். முன்னால ரெண்டு சக்கரம். பின்னால இருக்கிற அச்சு நடுவுல ஒரே முளையில ஆடிட்டு நிக்குது, அதனால அது ஒரு காலுங்க." முக்காலியின் இரண்டு கால்களுக்கு நடுவே விளிம்பில் கையை வைத்து லேசாக அழுத்தினார். முக்காலி கவிழ்ந்தது. "இப்படித்தான் விழும். சுமையை உசரத் தூக்கினா இன்னும் சுலபமா விழும். சரிவுல திருப்பினா அதைவிடச் சுலபமா விழும்."

"மச்சான் கனம் கொடுக்காரே?"

"வண்டி நாலரை டன்னுங்க. வள்ளத்துல அவரு பெரிய ஆளு. இங்க ஒரு காக்கா வந்து உக்காந்த மாதிரி." அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒருவேளை வண்டி சாஞ்சா நீங்க குதிக்காதீங்க. ஸ்டியரிங்க இறுக்கிப் பிடிச்சுட்டு உள்ளயே உக்காந்துக்கங்க. குதிக்கிறவர் மேலதான் அந்த இரும்புக் கூடு விழும்."

இதைக் கேட்டு நான் சிரித்தே விட்டேன். கவிழ்கிற வள்ளத்தில் உட்கார்ந்திருப்பவன் பாய்க்கு அடியில் மாட்டிச் சாவான், விலகிக் குதித்துச் சாடுகிறவன் பிழைப்பான். இது எங்கள் பிள்ளைகளுக்குப் பேச்சு வருமுன்னே தெரியும். இந்த ஆள் என்னடாவென்றால் உட்கார்ந்திரு என்கிறார்.

ஆனால் முக்காலி என் மனதில் விழுந்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னது சரி என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் மச்சானை இறக்கவில்லை. இறக்கினால் அவருக்கு வேறு வேலை இல்லை. மழை ஓய்ந்தால் சங்கு சீசன். வள்ளத்துக்கார முதலாளி ஏற்கெனவே இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். மச்சான் பின்னால் உட்கார்ந்திருக்கும்வரைதான் கரையில் இருப்பார். அதனால் எஞ்சினியர் கண்ணில் படும்போது மச்சான் இறங்கி நடப்பார், அவர் தலை மறைந்ததும் ஏறிக்கொள்வார். நானே சொல்லிக்கொடுத்த ஏற்பாடு. பெண்டாட்டிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் நாலு நாள் மழை கொட்டி, ஐந்தாம் நாள் வெயில் சுள்ளென்று அடித்தது. அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நின்றுவிட்டது. இறைக்கிற பம்பு எஞ்சினைப் பலகையோடு தூக்கிக் கொண்டுபோகச் சொன்னார்கள். கரையின் சரிவில் எஞ்சினியர் சொல்லிக்கொடுத்தபடி, சுமை மேட்டுப் பக்கம் இருக்க, பின்னோக்கியே இறக்கினேன். அதுவரை ஒழுங்கு. கீழே வந்ததும் சுற்றுப் பாதையில் போகச் சோம்பல். நேர் எதிரே வெள்ளை வெளேரென்று தரை. வழியில் ஒரு குழாய் கிடந்தது, அதில் இடிக்காமலிருக்கக் கொம்பை இடுப்பு உயரத்துக்குத் தூக்கினேன். குழாயைத் தாண்டிய பிறகு இறக்க மறந்தேன். இறக்கவில்லை என்று எழுதுவதுதான் நியாயம்.

நாற்பது அடி போயிருப்பேன். இடது முன் சக்கரத்துக்கு அடியில் உப்பு உடைந்தது. சத்தம்கூடக் கேட்டது. வண்டி இடது பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

"மாப்ள, பயப்படாதேயும்!" என்று பின்னாலிருந்து குரல். மச்சான் வலது பக்கம், மேட்டுப் பக்கம், போய்த் தொங்கிவிட்டார் என்பது திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும். என் உடம்பு முழுதும் சாடு, சாடு என்றது. ஒரு காலை வெளியே வைத்தும்விட்டேன். அப்போது அந்த மீசை முளைக்காதவனின் பேச்சு ஞாபகம் வந்தது. எப்படி வந்தது என்று இன்றுவரை தெரியாது. காலை உள்ளே இழுத்து, ஸ்டியரிங்கை ஒரு கையால் கட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கொம்பை இறக்கும் நெம்புகோலைத் தள்ளினேன். சுமை கீழே போனது. பலகையின் முனை சேற்றில் குத்தி நின்றது. சாய்வது நின்றது. சுமை தரைக்குப் போனதும் வண்டி ஒரு குலுங்கு குலுங்கி நிமிர்ந்து, எழும்பியிருந்த வலது பக்கம் தொம்மென்று கீழே விழுந்தது.

திரும்பிப் பார்த்தேன், இரும்புக் கட்டியின் மேல் மச்சான் இல்லை.

இறங்கி ஓடினேன். மச்சான் முழங்கைவரை சேறாக, ஒற்றைக் காலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தீரா, நிமித்திட்டேன்!" கல் உடைக்கிற பெண்கள் கை தட்டினார்கள். சுற்றி வந்தவர்கள் அவர் முதுகைத் தட்டினார்கள். அவர் ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. நான் பார்த்தேன். வலது பின் சக்கரத்துக்கு அடியில் அவருடைய டயர் செருப்பின் குதிகால் மட்டும் வெளியே தெரிந்தது. மீதிச் செருப்பு சக்கரத்துக்குக் கீழே இருந்தது. அந்தச் செருப்புக்குள் இருந்த கால், சக்கரம் விழுவதற்கு ஒரு கண் இமைக்கிற நேரம் முன்னால்தான் வெளியே வந்திருந்தது.

எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. மச்சானின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "எதுக்குவே தொங்கினீர்? உம்ம எவன் தொங்கச் சொன்னது?" என்று கத்தினேன். ஊரே கேட்டது. யார் தொங்கச் சொன்னது என்பது எனக்குத் தெரியாதா? அப்புறம் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். மச்சான் பயந்துபோய் என் பக்கத்தில் குந்தி, "அடி பட்டிருக்கா மாப்ள?" என்று என் காலைத் தடவிப் பார்த்தார்.

சின்ன எஞ்சினியர் வந்தார். "இவரு பின்னால இருந்தாரு. நாந்தான் இருக்கச் சொன்னேன்" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் செருப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வண்டிய எப்படி வெளிய எடுக்கிறதுங்க? எந்தப் பக்கம் கெட்டித் தரை?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளையாகத்தான் எல்லாப் பக்கமும் இருந்தது. மச்சான் மிச்சமிருந்த செருப்பையும் உதறிவிட்டு, ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு நடந்தார். வெறுங்காலால் தரையை மெதுவாக மிதித்து, சந்தேகம் வந்த இடத்தில் கடப்பாரையால் குத்தினார். "இங்கன அடியில சேறு... இது சும்மா மணலு... இந்தா, இங்கன கிளிஞ்சல் கெட்டி, யானை நடக்கலாம்." எட்டுப் பாகம், ஏறக்குறைய ஐம்பது அடி, ஆழத்தில் கண் தெரியாத கலங்கலில் அடிமணலைக் காலால் படித்தவருக்கு இது எம்மாத்திரம்! கெட்டியான இடத்திலெல்லாம் ஒரு கல்லை வைத்துக்கொண்டே போனார். அந்தக் கற்களின் வழியாகவே பலகை போட்டு வண்டியை எடுத்தோம். ஓர் இடத்தில்கூடச் சக்கரம் இறங்கவில்லை.

எஞ்சினியர் மேஸ்திரியைப் பார்த்து, "இனி வண்டி கிளம்பறதுக்கு முன்னால இவரு நடந்து பாத்துச் சொல்லட்டுங்க. இதே வேலை இவருக்கு" என்றார்.

"காது கேக்காதவன வண்டிக்கு முன்னாடி விடுததா?" என்று மேஸ்திரி இழுத்தார்.

"ரெண்டு வண்டி நீளம் தள்ளித்தான் நடக்கணும். அவரு முதுகு கண்ணுல படலைன்னா வண்டி நிக்கணும்." இதை என்னைப் பார்த்துச் சொன்னார். நானும் அவரைப் பார்த்துத் தலையாட்டினேன்.

அன்று சாயந்திரம் மச்சான் வெறுங்காலோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பெண்டாட்டிக்கு எதுவும் தப்பாது.

"அண்ணன் செருப்பு எங்க?"

மச்சான் சிரித்தார். நான் சொல்லிவிட்டேன், முக்காலியிலிருந்து செருப்புவரை எல்லாவற்றையும். நான் ஒளித்து ஏற்றியதையும் விடவில்லை. அவள் என்னை உட்கார வைத்துக் கிழிப்பாள் என்று நினைத்தேன். அவள் அடுப்படிக்குப் போய் இரண்டு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் தட்டை வைக்கும்போது மட்டும் சொன்னாள்:

"இத்தனை நாளும் உங்க கயித்த அண்ணன் பிடிச்சாவ. இனி நீங்க பிடிங்க."

மறுநாளிலிருந்து மச்சான் முன்னால் நடந்தார். கடப்பாரை தோளில், வெறுங்கால், இரண்டு வண்டி நீளம் தள்ளி. இடது கையை உயர்த்தினால் நில், வலது கையை உயர்த்தினால் வா. நான் கொம்பைக் கணுக்கால் உயரத்துக்கு மேல் தூக்காமல் பின்னால் ஊர்ந்து போனேன். டீக்கடைக்காரர், "என்ன, மாப்பிள்ளை ஊர்வலமா?" என்று கேலி செய்வார். செய்துவிட்டுப் போகட்டும். முன்பு அவர் என் முதுகுக்குப் பின்னால் இருந்தவரை நான் அவரைப் பார்த்ததே கிடையாது. இப்போது நாள் முழுக்க அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது தோளில் ஒரு தழும்பு இருப்பதையே அப்போதுதான் கவனித்தேன்.

மழை ஓய்ந்து கடல் தெளிந்ததும் வள்ளத்துக்கார முதலாளியின் ஆள் மூன்றாவது தடவையாக வந்தார், நேராக வேலை நடக்கிற இடத்துக்கே. நான் வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தேன். மச்சான் கேட்கிற காதை வந்தவர் பக்கம் திருப்பி முழுக்கக் கேட்டார்.

"வர முடியாது அண்ணாச்சி" என்றார். "நான் போனா மாப்ள வண்டிய எங்கன விடுவாருன்னு தெரியாது. ஒத்தையில விட முடியாது பாத்துக்கிடுங்க."

சொல்லிவிட்டு எனக்கு வலது கையை உயர்த்தினார்.

என் பெண்டாட்டி அவருக்குப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்திருந்தாள். தோல் செருப்பு, நல்ல விலை. போட்டுக்கொண்டு வேலைக்கு வருவார், வந்ததும் கழற்றிவிடுவார். செருப்புக் காலுக்குத் தரை தெரியாது. கழற்றியதை வைக்க அவருக்கு ஒரே இடம்தான் தோன்றியது. நான் அந்த வண்டியை ஓட்டிய மிச்ச வருடங்கள் எல்லாம், பின்னால் அந்த இரும்புக் கட்டியின் மேல் மச்சான் உட்கார்ந்த இடத்தில் ஒரு ஜோடி செருப்பு உட்கார்ந்து வந்தது. மச்சான் என் கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார்.